அறுபத்து மூணாம் நம்பர் கிண்ணம்

இனிமே இருபது நிமிஷத்துக்கு யாரும் வாயத் திறக்கக்கூடாது, சும்மா நடந்து நடந்து பார்க்கணும், மணி அடிச்சதும் ஆளுக்கு மூணு பச்சைப் பொட்டு, எது புடிச்சிருக்கோ அதுல ஒட்டணும்னு நடுவருங்க தலைவர் ரெனாத்தோ சொல்லி முடிக்கிறதுக்குள்ள புஷ்பலீலா தன்னோட வலது கைய ஹேண்ட்பேக்குக்குள்ள விட்டுக்கிட்டா, என்னமோ கைக்குட்டை தேடுறாப்பல. ஏழு மாசமா அந்தக் கை பாதி நாள் அந்தப் பைக்குள்ளதான் குடியிருக்கு. சும்மா மடியில கெடந்தா அது பாட்டுக்கு சமத்தா கெடக்கும், ஆனா ஒரு டம்ளரையோ கரண்டியையோ தூக்கி வாய்க்குக் கொண்டு போனா போதும், ஓடுற பஸ்ஸு இஞ்சின் மேல வச்ச பாத்திரம் கணக்கா தடதடன்னு ஆட ஆரம்பிச்சுடும், வாய்க்குப் பக்கத்துல போகப் போக ஆட்டம் கூடும். இது தெரிஞ்சது உலகத்துலயே ரெண்டே பேருக்கு. ஒண்ணு அவ, இன்னொண்ணு தைப்பிங்ல ஒரு கிளினிக் டாக்டரு. தன் ஊரு புக்கிட் மெர்தாஜம்ல இருந்து அவ்வளவு தூரம் ஏன் போனான்னா, உள்ளூர் கிளினிக்ல மருந்து எடுத்துக் குடுக்குற பொண்ணு அவ நாத்தனாருக்குத் தூரத்துச் சொந்தம், காலையில மாத்திரை வாங்கினா சாயங்காலம் சுங்கைப்பட்டாணி வரைக்கும் சேதி போயிரும். புருஷன் தர்மலிங்கத்துக்கே தெரியாது. அவரு முன்னாடி டீ குடிக்கிறதையே விட்டுட்டா, வயித்துப் புண்ணுன்னு சொல்லி வச்சிருக்கா. அந்த மனுஷன் அத நம்பி தெனம் மணத்தக்காளிக் கீரையா வாங்கிட்டு வந்து போடுறாரு, அதையும் வேற அவரு அந்தப் பக்கம் போனதும் தின்னு தொலைக்க வேண்டியிருக்கு. அறுபத்திரெண்டு வயசு. முப்பத்து நாலு வருஷம் ஒரு பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில வாளி, மோந்து ஊத்துற சொம்பு, சோப்பு டப்பா, அரிசி களையுற கூடைன்னு வரைஞ்சு குடுத்தவ. நாட்டோட வடக்குப் பக்கத்துல அவ வரைஞ்ச வாளியில குளிக்காத ஆளு கம்மி. தென்கிழக்காசிய நாடுங்கள்லாம் சேர்ந்து குடுக்குற இந்தப் பொருள் வடிவமைப்பு விருதுக்கு ஒம்போது வருஷமா நடுவரு. அடுத்த வருஷம் தலைவர் நாற்காலி ஒனக்குத்தான் லீலான்னு ரெனாத்தோ காலையில லிஃப்டுலயே சொல்லிட்டாரு. பொருளக் கையில தூக்கிப் பார்த்து இது நல்லாருக்கு இது நொள்ளைன்னு சொல்ற வேலை. அந்த வேலைக்கு ஆடுற கைய யாரு வச்சுக்குவா.

அதனால நடந்தா. கோலாலம்பூர்ல ஒரு ஓட்டலோட ஆறாவது மாடி மண்டபம், ஏசிய மீன் பொட்டி மாதிரி வச்சிருக்கான், பொருளுங்க கெட்டுப் போயிருமோன்னு பயந்தானோ என்னவோ. காலையில எழுபது சாமான் இருந்துச்சு, கழிச்சுக் கட்டினது போக இப்ப இருபத்து நாலு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பரு, எந்த நாடுன்னு ஒரு சின்ன அட்டை, செஞ்சவன் பேரு கெடையாது, பேரு தெரிஞ்சா நடுவருங்க மனசு கெட்டுருமாம். மனசு இருந்தாத்தானே கெடுறதுக்கு. பொருளுக்குப் பின்னாடி ஆளு உசரத்துக்கு ஒரு படம். படம்னா எல்லாத்துலயும் ஒரே படம், சுருக்கம் விழுந்த ரெண்டு கை, அந்தக் கைக்குள்ள ஒரு பொடிச் செடி. ஸ்பீக்கருக்கும் அதே கை, செருப்புக்கும் அதே கை, குப்பைத் தொட்டிக்கும் அதே கை. அந்தக் கைக்காரி யாருன்னு தெரியல, ஒம்போது வருஷமா ஒம்போது நாட்டுக்கும் கை குடுத்து அலையுறா. நாலாம் நம்பரு மூங்கில் ஸ்பீக்கரு. ஒம்பதாம் நம்பரு பேசுற குப்பைத் தொட்டி, மூடியத் தொறந்தா நன்றிங்குது. வீட்டுல புருஷன் சொல்லாத நன்றிய குப்பைத் தொட்டி சொல்லி என்ன ஆகப்போகுது. பன்னெண்டாம் நம்பரு வியட்நாம்காரன் ஸ்டூலு. அது முன்னாடி தாய்லாந்து நடுவரு பிம் நின்னுக்கிட்டு இருந்தா, ஒடம்பு பூரா கருப்புத் துணி, கழுத்துல ஒரே ஒரு கூழாங்கல்லு. காலையில அந்த ஸ்டூலப் பார்த்து, இது ரொம்ப நேர்மையான ஸ்டூலுன்னு குசுகுசுன்னு சொன்னா, என்னமோ அதுக்குக் கேட்டுருமோங்குற மாதிரி. ஸ்டூலு எப்படி நேர்மையா இருக்கும். பொய் சொல்ற ஸ்டூலுன்னு ஒண்ண இவ எங்க பார்த்தா. உக்காந்தா ஒடையாம இருந்தா ஸ்டூலு, ஒடைஞ்சா வெறகு, இதுக்கு நடுவுல நேர்மை எங்கருந்து வந்துச்சு. ஆனா புஷ்பலீலா வாயத் திறக்கல, அவ வாயத் திறந்தா எல்லாரும் சிரிப்பாங்க, சிரிச்சுட்டு அவ சொன்னதையே செய்வாங்க, அதுதான் ஒம்போது வருஷமா நடக்குது. லீலா சொன்னா சரி. லீலாவுக்கு நாக்கு கத்தி. ஒண்ணுக்கும் ஒதவாத பயலுங்க, ஒரு பொருளத் தண்ணி ஊத்திப் பார்க்கத் தெரியாது, ஒருத்தி சிரிக்க வச்சா அதத் தீர்ப்புன்னு எழுதிக்குவானுங்க.

தண்ணின்னதும் அந்த ஜக்கு ஞாபகம் வந்துருச்சு, வரக்கூடாதுன்னு நெனைச்சா மொதல்ல அதுதான் வந்து நிக்கும். எட்டு வருஷம் முந்தி ஒரு ஜக்கு வந்துச்சு, கைப்புடி கெடையாது, கழுத்து கொக்குக் கழுத்து. எல்லாரும் வெறும் ஜக்கத் தூக்கித் தூக்கிப் பார்த்தாங்க, ஆகா எவ்வளவு லேசு, ஆகா எவ்வளவு எளிமைன்னாங்க. அவளுந்தான் ஒட்டினா, மூணு பொட்டையும் அதுலயே ஒட்டினா. தங்க விருது. அந்த ஸ்டிக்கரு ஒட்டினதும் எல்லாப் பேரங்காடியிலயும் அந்த ஜக்குதான். நாத்தனார் பாக்கியம் எங்க அண்ணி பரிசு குடுத்த ஜக்குன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு ரெண்டு வாங்கினா. அவ மகள் நிச்சயதார்த்தத்துக்கு மாப்பிள்ளை வீடு வந்து உக்காந்திருக்கு, ஜக்கு நெறைய ரோஸ் சிரப்பு கலக்கி வச்சிருக்கா. ஐஸ் கட்டி போட்டதுல வெளிப்பக்கம் வேர்த்துப் போச்சு, கைப்புடி இல்லாத ஜக்கு, வழவழன்னு வழுக்கி, சம்பந்தியம்மா மடியில மொத்தமா கவுந்துச்சு. வெள்ளைப் பட்டு. அந்தம்மா இன்னிக்கு வரைக்கும் பாக்கியத்தோட பேசும்போது மடிய ஒருக்காப் பார்த்துக்குமாம். அந்த ஜக்கு இப்ப அலமாரி கண்ணாடிக்குள்ள இருக்கு, ரெண்டு பிளாஸ்டிக் ரோசாவோட. போறப்பல்லாம் பாக்கியம் அதக் காட்டி, அண்ணி ஒங்க ஜக்கு எவ்வளவு பத்திரமா இருக்கு பாருங்கன்னுவா. குத்திக் காட்டுறாளா, உண்மையிலேயே பெருமையா சொல்றாளான்னு இன்னிக்கு வரைக்கும் புஷ்பலீலாவுக்குப் புரியல. பாக்கியத்துக்கே புரியுமாங்குறது சந்தேகம். ஆனா ஒண்ணு மட்டும் தெரியும், அன்னிக்கு இந்தக் கூட்டத்துல ஒருத்தர், ஒரே ஒருத்தர், அந்த ஜக்குல ஐஸ் தண்ணி ஊத்தி ஈரக் கையால தூக்கிப் பார்த்திருந்தா முடிஞ்சிருக்கும் கதை.

இப்ப பதினேழாம் நம்பரு மேசைகிட்ட வந்துட்டா. வரவேண்டாம்னுதான் சுத்திச் சுத்தி வந்தா, காலு கொண்டாந்து விட்டுருச்சு. கை நடுங்குறவங்களுக்கான கரண்டி. வெள்ளை வெளேர்னு, புடி தடியா, உள்ள ஒரு குட்டி மோட்டாரு, கை ஒரு பக்கம் ஆடினா கரண்டித் தலை அதுக்கு எதிர்ப்பக்கம் ஆடிச் சமம் பண்ணிக்குமாம், நுனியில ஒரு நீல லைட்டு வேற. காலையில இதச் சோதிச்ச கூத்த நெனைச்சா அவளுக்கு இப்பவும் பல்லக் கடிக்கத் தோணுது. சோதனைன்னா என்ன பண்ணினாங்க தெரியுமா, நடிச்சாங்க. நல்லா இருக்குற கைய வச்சுக்கிட்டு நடுங்குற மாதிரி நடிச்சாங்க. சிங்கப்பூர் நடுவரு ஞானசீலன்தான் மொத நடிகரு. நாப்பது வயசு, காலுறை போடாம ஷூ போடுறவன், காதுக்குள்ள மாட்டுற பாட்டு மெஷினுக்கு வடிவம் போட்டுப் பேரு வாங்கினவன், நல்ல பிள்ளைதான், அவளத் தவிர இங்க தமிழ் பேசுறதுக்கு அவன் ஒருத்தன்தான். அவன் சூப்புல கரண்டிய விட்டு, கைய சாமி வந்தவன் மாதிரி உதறினான், கரண்டித் தலை அசையவே இல்ல, ஒரு சொட்டு சிந்தல. எல்லாரும் கை தட்டினாங்க. பிம் உதறினா, சிந்தல. ரெனாத்தோ கண்ண மூடிக்கிட்டு உதறினாரு, எதுக்குக் கண்ண மூடணும், நடுக்கம் கண்ணுலயா இருக்கு, அதுவும் சிந்தல. நீயும் பாரு லீலான்னாரு. நடிக்கிறதுக்கு எனக்கு வயசாயிருச்சுன்னா அவ. சிரிச்சாங்க. அப்பாடான்னு ஒக்காந்தா. நடுங்காதவன் நடுங்குற மாதிரி நடிக்கிறான், நடுங்குறவ நடுங்காத மாதிரி நடிக்கிறா, இதுல எவன் மார்க்கு போடுறது.

மத்தியானம் எல்லாரும் பஃபேக்குப் போனதும் அவ மட்டும் மூக்குக்கண்ணாடி விட்டுட்டேன்னு மண்டபத்துக்குத் திரும்பி வந்தா. யாரும் இல்ல. ஒரு கோப்பையில தண்ணி ஊத்தி, அந்தக் கரண்டிய எடுத்தா. நெஞ்சுக்குள்ள ஒரு ஆசை இருந்துச்சு, இல்லன்னு சொன்னா பொய்யி, இது மட்டும் வேலை செஞ்சுட்டா தர்மலிங்கம் முன்னாடி சூப்பு குடிக்கலாம், ரசம் குடிக்கலாம், அந்தக் கீரையில இருந்து விடுதலைன்னு நெனைச்சா. கரண்டி தண்ணியில இருந்து மேல வந்துச்சு, நீல லைட்டு எரிஞ்சுச்சு, மோட்டாரு கொசு மாதிரி கத்துச்சு. பாதி தூரம் வரைக்கும் சரியாத்தான் வந்துச்சு. வாய்க்கு ஒரு சாண் இருக்கும்போது அவ கை தன்னோட வேலைய ஆரம்பிச்சுச்சு, அது ஞானசீலன் உதறின மாதிரி தாளத்துக்கு உதறாது, ஒரு வெட்டு வெட்டும், நிக்கும், ரெண்டு வெட்டு வெட்டும், மோட்டாரு அது முடிஞ்ச பிறகு ஒரு விநாடி கழிச்சு எதிர்ப்பக்கம் ஒரு வெட்டு வெட்டும். ரெண்டும் சேர்ந்து தண்ணிய அள்ளி அவ நெஞ்சுலயே வீசிருச்சு. வெறுங்கரண்டின்னா பாதியாவது வாய்க்குள்ள போயிருக்கும். இதுல கனம் வேற, மணிக்கட்டு சோர்ந்து போய் ஆட்டம் கூடித்தான் போச்சு. சட்டையில தொப்புளு வரைக்கும் ஈரம். சால்வைய இழுத்து மூடிக்கிட்டுப் போய் சாப்பிடாம உக்காந்தா. பசி இப்பவும் வயித்தக் கிள்ளுது.

அப்பதான் பக்கத்துல மூச்சு சத்தம் கேட்டுச்சு. ஞானசீலன். பொட்டுத் தாள விரல்ல விசிறிக்கிட்டு நிக்கிறான்.

"அக்கா, பதினேழுதானே. ஒட்டிட்டு வாங்க, வெளிய டீ ஆறுது."

"பேசக்கூடாதுன்னாரு ஒங்க தலைவரு."

"தமிழ்ல பேசினா அது பேச்சுக் கணக்குல வராதுக்கா. அந்தாளுக்கு ஏசி சத்தம் மாதிரிதான் கேக்கும்."

"வாய்க்கொழுப்பு."

"உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான். காலையில அந்தக் கோழிச் சட்டின்னு சொன்னீங்களே, எனக்கு இப்ப நெனைச்சாலும் சிரிப்பு வருது. ஆமா, என்னக்கா ரெண்டு நாளா எல்லாத்தையும் இடது கையில பண்றீங்க. காலையில கையெழுத்தும் இடது கை. புதுசா ஏதும் வேண்டுதலா?"

"சுளுக்கு."

"மயில் தைலம் இருக்கு, தரவா?"

"ஒன் வேலையப் பாருடா."

அவன் சிரிச்சுக்கிட்டே போனான். பார்த்துட்டான். பார்க்கல. பார்த்தும் பார்க்காத மாதிரி போறான். அப்படித்தான் பெரியப்பாவுக்கும் ஆச்சு. வைத்திலிங்கம் பெரியப்பா, தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி, கையெழுத்து அச்சு கோத்த மாதிரி இருக்கும், வெள்ளைக் கால்சட்டையில ஒரு சொட்டு மசி பட்டிருக்காது. அவருக்கு வந்துச்சு இதே ஆட்டம். ஒங்க குடும்பத்துல யாருக்காச்சும் இப்படி இருந்திருக்கான்னு தைப்பிங் டாக்டரு கேட்டாரு, இல்லவே இல்லன்னுட்டு வந்தா, எதுக்குப் பொய் சொன்னான்னு அவளுக்கே தெரியல, டாக்டரு என்ன பொண்ணு பார்க்கவா வந்திருக்காரு. கூலிம்ல ஒரு கல்யாணம், அவளுக்கு அப்ப பதினொரு வயசு, பந்தியில பெரியப்பாவுக்கு எதிர்ல உக்காந்திருந்தா. பாயசத்த டம்ளர்ல ஊத்திட்டுப் போனாங்க. தூக்கினாரு. ஆடுச்சு. ரெண்டு கையாலயும் புடிச்சாரு, ரெண்டும் ஆடுச்சு. டம்ளரு பல்லுல போய் டக்கு டக்குன்னு இடிச்ச சத்தம் அவளுக்குக் கேட்டுச்சு, அப்புறம் முழுப் பாயசமும் அந்த வெள்ளைச் சட்டையில. யாரும் சிரிக்கல. சிரிச்சிருந்தாக்கூடத் தேவல. அத்தனை பேரும் ஒரே நேரத்துல வேற பக்கம் பார்த்தாங்க. ஒருத்தரு தோரணத்தப் பார்த்தாரு, ஒருத்தரு இலையில உப்பு எங்கன்னு பார்த்தாரு, பெரியம்மா மைக்செட்டப் பார்த்தாங்க. புஷ்பலீலா மேல சுத்துற காத்தாடியப் பார்த்தா. மூணு ரெக்கை. அதுல ஒண்ணு கோணல். அது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு, பெரியப்பா மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இல்ல, ஏன்னா பார்க்கல. அதுக்கப்புறம் பத்தொம்போது வருஷம் அந்த மனுஷன் யாரு வீட்டுலயும் கை நனைக்கல. சொந்த வீட்டுலயும் கதவச் சாத்திக்கிட்டு, தட்ட மேசையில வச்சு, முகத்தக் குனிஞ்சு கொண்டு போய் வாயால எடுப்பாராம். பெரியம்மா சொல்லி அழுதது. வாயக் கொண்டு போய் தட்டுல.

வாயக் கொண்டு போயின்னு மனசுக்குள்ள ஓடினதும் காலு நின்னுருச்சு. காலையில அந்த வார்த்தைய அவ படிச்சிருக்கா. ராகம் போட்டுப் படிச்சிருக்கா. அறுபத்து மூணாம் நம்பரு, லாவோஸ்காரங்க கிண்ணம். ஈரல் கலரு. அடியில பெரிய காலு வச்சு ஒரு முழம் ஒசரத்துக்கு நிக்கும், விளிம்பு ஒரு பக்கம் மட்டும் அகலமா ஒரு பலகை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும், பார்க்க அவ்வளவு அசிங்கம். பின்னாடி படம் கெடையாது, கையும் இல்ல செடியும் இல்ல, ஜெராக்ஸ் எடுத்த ஒரு தாளு, அதுல ஒடைஞ்ச இங்கிலீஷ்ல ரெண்டே வரி. கிண்ணம் வாய்க்கு வரும். வாய் கிண்ணத்துக்குப் போக வேண்டாம். அத அவ கதாகாலட்சேபம் மாதிரி நீட்டி முழக்கிப் படிச்சுட்டு, இது கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டியா, இல்ல பூந்தொட்டி கால் மொளைச்சு நடந்து வந்துருச்சான்னு கேட்டா. ரெனாத்தோ கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. ஒரு நிமிஷம் ஆகல, கழிச்சுட்டாங்க. யாரும் தொட்டுக்கூடப் பார்க்கல. அவளும் தொடல. இந்தக் கூட்டத்துலயே கேவலமான கழுதை யாருன்னு ஒரு விருது வச்சா மூணு பொட்டையும் தனக்கே ஒட்டிக்கலாம்.

கழிச்ச சாமானெல்லாம் பின்பக்கம் ஒரு நீள மேசைக்கு அடியில, மேல வெள்ளைத் துணி தொங்குது, செத்தவங்கள மூடி வச்ச மாதிரி. மண்டபத்துல யாரும் அந்தப் பக்கம் இல்ல. முட்டி நோக நோகக் குனிஞ்சு துணியத் தூக்கினா. அங்கதான் நின்னுச்சு அது, ஒரு பிரம்புத் தலைக்கவசத்துக்கும் வாழைநாரு செருப்புக்கும் நடுவுல. பையில இருந்து கைய எடுத்தா. மணிக்கட்ட அந்த அகல விளிம்புல வச்சா. பலகைன்னு நெனைச்சது பலகை இல்ல, லேசா குழிவா இருக்கு, மணிக்கட்டு உக்கார்றதுக்குன்னே. உக்காந்துச்சு. இப்படி ஒரு எடம் கெடைக்கும்னு இந்த ஏழு மாசமா அந்தக் கைக்குத் தெரியாது. உள்பக்கம் விரல விட்டுப் பார்த்தா, சுவரு உள்வளைஞ்சு இருக்கு, அள்ளுற சோறு ஓடிப்போகாம திரும்பிக் கரண்டியிலயே விழும். அடி கல்லு கனம், இடிச்சாலும் நகராது. மேசையில வச்சா விளிம்பு தாடைக்குக் கீழ நாலு விரக்கடையில நிக்கும். ஒரு சாண் தூரத்துலதானே அந்தக் கை ஆட ஆரம்பிக்கும், இதுல அந்த ஒரு சாணே கெடையாது. வேலை செய்யுமா செய்யாதாங்குறது சோறு போட்டு அள்ளினாத்தான் தெரியும். ஆனா இதச் செஞ்சவன், இல்ல செஞ்சவ, பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கா. ஒரு ஆளு சாப்பிடுறத வேற பக்கம் திரும்பாம நாள்கணக்கா பார்த்திருக்கா. பார்க்காம இந்தக் குழிவு வராது.

கழிச்சத மீட்கலாம், அதுக்கு ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு நடுவருக்கும் ஒரு மஞ்ச அட்டை குடுத்திருப்பாங்க, கழுத்துல தொங்குற உறைக்குள்ள. மணி அடிச்சதும் அத நீட்டி ஒரு பொருளத் திரும்ப மேசைக்குக் கொண்டாரலாம். ஆனா ஒரு சட்டம், வாயால வக்காலத்து வாங்கக்கூடாது, அந்தப் பொருள எல்லார் முன்னாடியும் தன் கையால பயன்படுத்திக் காட்டணும். ஒம்போது வருஷத்துல ஒருத்தரும் அந்த அட்டைய வெளிய எடுத்ததில்ல. அவளே ஒரு தடவை, இது எதுக்கு, பல்லுக் குத்தவான்னு கேட்டிருக்கா. இப்ப உறைக்குள்ள அது நெஞ்சுல சுடுது. எடுத்தா என்ன ஆகும். அடுத்த வருஷத்து நாற்காலி போகும். இந்த வருஷத்து நாற்காலியும் போகும், நாசுக்கா ஒரு கடிதாசி வரும், தங்கள் நீண்ட சேவைக்கு. ஞானசீலன் சிங்கப்பூர் முழுக்க சொல்லமாட்டான், ஆனா பொண்டாட்டிகிட்ட சொல்லுவான். தர்மலிங்கத்துகிட்ட சொல்லணும், அந்த மனுஷன் கீரை ஆய்ஞ்ச கையோட நின்னு பார்ப்பாரு. எடுக்கலன்னா? எடுக்கலன்னா அந்த வெள்ளைக் கரண்டிக்குத் தங்க ஸ்டிக்கரு. எல்லா ஆஸ்பத்திரியும் வாங்கும், எல்லாப் பிள்ளைங்களும் அப்பா அம்மாவுக்கு வாங்கிக் குடுக்கும். மூணு வருஷம் கழிச்சு, கை இன்னும் மோசமாகி, மறைக்க முடியாமப் போனப்ப, பாக்கியம் ஒரு பொட்டலத்தோட வருவா. அண்ணி, நீங்களே பரிசு குடுத்த கரண்டி. நீல லைட்டு எரியும். அத வச்சு அவ முன்னாடி சாப்பிட்டுக் காட்டணும். பாக்கியம் வேற பக்கம் பார்ப்பா, பார்த்துட்டு வீட்டுக்குப் போனதும் போன் எடுப்பா. வீட்டுக்கு வீடு இந்தக் கரண்டியால நெஞ்சு நனைஞ்சவங்க, கோளாறு கரண்டியில இல்ல நம்ம கையிலதான்னு நெனைச்சுக்கிட்டு, கதவச் சாத்திக்கிட்டு, வாயக் கொண்டு போய் தட்டுல.

மணி அடிச்சுருச்சு.

ரெனாத்தோ சடங்குக்குக் கேட்டாரு, மஞ்ச அட்டை யாருக்காவது உண்டான்னு, கேட்டுக்கிட்டே பொட்டுத் தாள உரிக்க ஆரம்பிச்சுட்டாரு, பதில் வராதுன்னு தெரியும்ல. புஷ்பலீலா இடது கையால அட்டைய எடுத்து மேசையில வச்சா. அறுபத்து மூணுன்னா.

"கோழிச் சட்டியா?" ரெனாத்தோ மறுபடி சிரிக்கத் தயாரா பல்லக் காட்டினாரு. "லீலா, முட்டை போட்டுக் காட்டப் போறியா?"

"மொதல்ல வெளிய டீக்கு வச்சிருக்குற பச்சைப்பயறு கஞ்சி ரெண்டு கரண்டி வேணும். சூடா. அப்படியே அந்தப் பதினேழையும் கொண்டாங்க."

எல்லாரும் சிரிச்சாங்க, லீலா ஏதோ வேடிக்கை காட்டப் போறான்னு வட்டமா நாற்காலி போட்டு உக்காந்தாங்க. பிம் கூழாங்கல்லத் திருகிக்கிட்டு முன்வரிசையில. ஞானசீலன்தான் போய் கஞ்சி எடுத்துட்டு வந்தான், சாதாரண கோப்பையில பாதி, லாவோஸ் கிண்ணத்துல பாதி ஊத்தினான். அவ உக்காந்து சால்வைய எடுத்து நாற்காலி முதுகுல போட்டா. சட்டையில காஞ்ச தண்ணிக் கறை மேப்பு மாதிரி தெரிஞ்சுச்சு. பைய எடுத்துத் தரையில வச்சா. பை இல்லாம மடி லேசா இருந்துச்சு, அம்மணமா உக்காந்திருக்குற மாதிரியும் இருந்துச்சு. வலது கையால வெள்ளைக் கரண்டியப் புடிச்சு கோப்பையில அள்ளித் தூக்கினா. பாதி தூரம். ஒரு சாண். கை வெட்டுச்சு, நின்னுச்சு, ரெண்டு வெட்டு வெட்டுச்சு, கொசு கத்துச்சு, கஞ்சி அவ தாடையில, கழுத்துல, மேசையில, ஒரு பயறு பறந்து போய் பிம்மோட கருப்பு முட்டியில ஒட்டிக்கிச்சு. யாரோ ஒருத்தர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில நிறுத்தினாரு. நடிப்பு இல்லன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் நடந்துச்சு அது. மண்டபமே சேர்ந்து திரும்புச்சு. ரெனாத்தோ கூரையில லைட்டப் பார்த்தாரு. பிம் முட்டியில இருந்த பயறப் பார்த்தா. ஞானசீலன் போனப் பார்த்தான், போன்ல வெளிச்சமே இல்ல.

"இங்க பாருங்க," புஷ்பலீலா சொன்னா, சத்தம் போடல. "மார்க்கு போடத்தானே வந்தீங்க. பொருளு இங்க இருக்கு, மோட்டுவளையில இல்ல. காலையில நல்லா உதறினீங்களே எல்லாரும், நெசமா உதறினா எப்படி இருக்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். பார்த்து எழுதுங்க."

ஞானசீலன்தான் மொதல்ல தலையத் தூக்கினான். கண்ணு செவந்திருந்துச்சு, அதப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல்தான் வந்துச்சு, அழுறதுன்னா அப்புறமா அழு, இப்பப் பாரு. சாதாரண ஓட்டல் கரண்டி ஒண்ண எடுத்தா. மணிக்கட்ட அந்தக் குழிவுல வச்சா. முதுகு நேரா இருந்துச்சு, தாடை நேரா இருந்துச்சு. அள்ளினா, உள்வளைஞ்ச சுவரு கஞ்சியத் தள்ளிக் கரண்டியில ஏத்தி விட்டுச்சு. தூக்கினா. ஆட்டம் இருந்துச்சு, நின்னு போகல, அப்படியெல்லாம் ஒரு கிண்ணம் எந்த நாட்டுலயும் கெடையாது, விளிம்புல மணிக்கட்டு டொக்கு டொக்குன்னு தட்டுச்சு. ஆனா ஆடுறதுக்கு தூரம் இல்ல. நாலு விரக்கடை. முக்கால் கரண்டி வாய்க்குள்ள போச்சு. கால் கரண்டி கிண்ணத்துக்குள்ளயே திரும்பி விழுந்துச்சு. மேசையில புதுசா ஒரு பயறு விழல. அவ மென்னு முழுங்கினா, ஏழு மாசத்துல மனுஷங்க முன்னாடி முழுங்கின மொத வாய்.

"அக்கா," ஞானசீலன் தமிழ்லயே கேட்டான், மெதுவா. "எப்பருந்து?"

"காய்ச்சினவன் சர்க்கரை போட மறந்துட்டான்," அவ சொன்னா. "கிண்ணத்தோட கலரும் சகிக்கல. ரெண்டையும் எழுதிக்க. மிச்சத்த பார்த்து எழுது."

அவன் எழுத ஆரம்பிச்சான். பிம் நாற்காலிய இழுத்துக்கிட்டு கிட்ட வந்து, முட்டியில பயறோடயே, மணிக்கட்டு உக்காந்த எடத்தக் குனிஞ்சு பார்த்தா. ரெனாத்தோ மட்டும் இன்னும் கூரை லைட்டத்தான் பார்த்துக்கிட்டிருந்தாரு, அடுத்த வருஷத்து நாற்காலி அங்கதான் தொங்குதுங்குற மாதிரி. பார்த்துக்கிட்டே கெடக்கட்டும்னு புஷ்பலீலா ரெண்டாவது வாய்க்குக் கரண்டிய விட்டா.